எடுக்காத முடிவெல்லாம் டீசலா எரிஞ்ச கதை

2022 மே 16 இரவு, பிரதமராப் பதவியேத்து ஒரு கிழமையும் ஆகாத ரணில் விக்கிரமசிங்க டிவியில வந்து, நாட்டில இன்னும் ஒரு நாளுக்குத்தான் பெற்றோல் இருக்கு எண்டு சொன்னவர். கொழும்பில இருக்கிற கூட்டாளிமார் அந்த வீடியோவை மாறி மாறி அனுப்பிப் பதறிக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில அப்பா செய்தியை முழுக்கப் பாத்துப்போட்டு "ஒரு நாளுக்கு இருக்காமோ, பரவாயில்லையே" எண்டார். பகிடிக்குச் சொன்ன மாதிரியும் தெரியேல்லை.

அவரின்ர வயசு ஆக்களுக்கு அது அப்பிடித்தான். 1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்க யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டது, பெற்றோல் நிண்டது, டீசல் நிண்டது, பற்றரிக்கும் தடை. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வரும், விலையைக் கேட்டா தலை சுத்தும். அந்த மண்ணெண்ணெயிலதான் பழைய ஏ-40 கார் ஓடினது, மோட்டார் சைக்கிள் ஓடினது, தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சது, ஸ்டார்ட் பண்ண மட்டும் ரெண்டு துளி பெற்றோல், எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, பின்னால வாற புகையில ஆளை ஆள் தெரியாது. நாங்கள் ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வச்சுக் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில படிச்சனாங்கள், சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்டனாங்கள். வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரருக்கு இதைச் சொன்னா எப்பிடியப்பா சமாளிச்சியள் எண்டு கேப்பினம், நாங்களும் கொஞ்சம் பெருமையாத்தான் சொல்லுவம்.

எனக்கு இந்தப் பெருமையில ஒரு எரிச்சல் இருக்கு. தொண்ணூறில எண்ணெயை மறிச்சது இன்னொருத்தர். வவுனியாவில தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில ஆமி லொறியை நிப்பாட்டி, சாமானை இறக்கி, தடைப்பட்டியலைப் பாத்து மறிச்சவை. 2022இல தாண்டிக்குளமும் இல்லை பட்டியலும் இல்லை. கடல் திறந்து கிடந்தது, எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியில நங்கூரம் போட்டுக்கொண்டு நிண்டது, இறக்கிறதுக்குக் குடுக்கக் காசில்லை. தன்னைத் தானே முற்றுகை போட்ட நாட்டைப் பாத்து "நாங்கள் இதெல்லாம் எப்பவோ கண்டிட்டம்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறதில என்ன பிரயோசனம்?

டொலர் இல்லை, அதால எண்ணெய் இல்லை. இதுதான் எல்லாரும் சொல்லுற காரணம், பிழையில்லை. கொரோனாவில சுற்றுலா படுத்தது, 2019 கடைசியில வரியைக் குறைச்சு அரசாங்கம் தன்ர வருமானத்தைத் தானே வெட்டினது, வாங்கின கடன், உரத் தடை எல்லாம் சேர்ந்து 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சவை. ஆனா டொலர்க் கதை ஏன் 2022இல வெடிச்சது எண்டதைத்தான் சொல்லும். சொந்தமா ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்காத, ஆறும் வெயிலும் காத்தும் தாராளமா இருக்கிற ஒரு தீவு ஏன் பஸ்ஸுக்கும் லொறிக்கும் மட்டுமில்லாம கரண்டுக்கும் இவ்வளவு எண்ணெயை எரிச்சுக்கொண்டிருந்தது எண்டதுக்கு அதில பதில் இல்லை. 2022 மார்ச் 31 அண்டைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். நீர்த்தேக்கங்களில தண்ணி குறைவு, எண்ணெய் மின் நிலையங்களுக்கு ஊத்த டீசல் இல்லை. பஸ்ஸுக்கும் இல்லை. ஒரே டீசலுக்கு பஸ்ஸும் மின்சார சபையும் அடிபட்டுக்கொண்டு நிண்டதுகள்.

நான் வாசிச்சு விளங்கிக்கொண்ட அளவில, இஞ்ச ஒரு முடிவை எடுக்காம விட்டா அது சும்மா கிடக்கிறேல்லை. டீசலா மாறி எரியும்.

கதை பழசு. விமலசுரேந்திர எண்ட பொறியியலாளர் 1918இலயே இந்த நாட்டு ஆறுகளில இருந்து மின்சாரம் எடுக்கலாம் எண்டு கணக்குப் போட்டுக் கட்டுரை வாசிச்சவர். லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கினது 1950இல. இடையில 32 வருசம். மனிசன் அதைக் கண்ணால கண்டிட்டு 1953இல செத்தவர், அந்த அளவில அதிர்ஷ்டசாலி. அதுக்குப் பிறகு ஆறுகளை ஒழுங்காத்தான் பாவிச்சவை, எண்பதுகளில மகாவலித் திட்டத்தோட விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல எண்டு வரிசையா அணைக்கட்டுகள் வந்தது. தொண்ணூறுகளின்ர நடுப்பகுதியில நாட்டின்ர கரண்ட் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணியில இருந்துதான். எங்களுக்குத்தான் அப்ப அதில ஒண்டும் வரேல்லை, அது வேற கதை.

தண்ணியை மட்டும் நம்பினா மழை பிழைச்சா என்ன செய்யிறது எண்டு அப்பவே மின்சார சபைப் பொறியியலாளர்மாருக்குத் தெரியும். பெரிய ஆறுகள் முடிஞ்சுது, இனி நிலக்கரிதான் எண்டு எண்பதுகளிலயே எழுதி வச்சிட்டினம். முதல்ல திருகோணமலை எண்டவை. அங்க எதிர்ப்பும் சண்டையும். பேந்து தெற்குக் கரையில மாவெல்ல. அங்கயும் சரிவரேல்லை. பேந்து புத்தளத்துப் பக்கம் நுரைச்சோலை. அங்க மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தவை, அவையின்ர பயத்தில பிழை சொல்லேலாது, சாம்பலும் சுடுதண்ணியும் ஆற்ற வீட்டு வாசலில வந்து விழப்போகுது எண்டு பாத்தா அவையின்ர வாசலிலதான். ஒரு அரசாங்கம் ஓம் எண்டும், அடுத்தது இல்லை எண்டும். இப்பிடியே இழுபட்டுக்கொண்டிருக்க 1996இல மழை பொய்ச்சுது, நாடு மணிக்கணக்கா இருட்டில கிடந்தது. 2001இலயும் திரும்ப அதே கதை.

இருட்டில இருக்கிற சனத்துக்கு உடன கரண்ட் குடுக்க வேணும், ஒரு வருசத்துக்குள்ள கட்டி முடிக்கக்கூடியது எண்டா டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிற எஞ்சின்தான். அதால தனியாருக்குக் குடுத்து, பத்து வருசம் அளவில ஒப்பந்தம் எழுதி, நாங்கள் எடுத்தாலும் எடுக்காட்டியும் இவ்வளவு காசு எண்டு கையெழுத்து வச்சு, முடிய முடிய நீடிச்சு. "அவசர கொள்வனவு" எண்டு பேர். ஒரு வருசம் அவசரம் எண்டா சரி, இருபது வருசமா அவசரமோ? மாசச் சாமானைக் கட்டி வைக்காம ஒவ்வொரு நாளும் சந்திக் கடையில சின்னப் பக்கற்றா வாங்கிற குடும்பம் மாதிரி, எப்பவும் கூடின விலை, எப்பவும் கையில காசு இல்லை. இதில லாபம் பாத்தவை ஆர் ஆர் எண்டு பாராளுமன்றத்திலயே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தவை. டீசல் மாபியா எண்ட சொல்லு சிங்களப் பேப்பரிலயும் தமிழ்ப் பேப்பரிலயும் ஒரே மாதிரி அடிபட்டது. மாபியா இருந்ததோ இல்லையோ, அதுக்குத் தேவையான இடத்தை முடிவெடுக்காத ஆக்கள்தான் ஒழுங்குபடுத்திக் குடுத்தவை.

கடைசியா 2006இல நுரைச்சோலையில வேலை தொடங்கி, சீனக் கடனில, முதல் அலகு 2011இல, மூண்டும் சேர்ந்து 900 மெகாவாட் 2014இல. தொடக்கத்தில அடிக்கடி பழுதாகி நிண்டு நாட்டுக்கே பகிடியாகினது, ஆனா இண்டைக்கு அது நிண்டா நாடே ஆடும். அங்கயும் ஒரு விசயம் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. நிலக்கரிக் கப்பல் அங்க வருசம் முழுக்க வரேலாது. கப்பல் கடலில நிக்க, சின்னப் படகுகளில ஏத்தித்தான் கரைக்குக் கொண்டுவரவேணும், தென்மேல் பருவத்தில, எங்கட ஆக்கள் சோளகம் எண்டு சொல்லுற காத்துக் காலத்தில, அந்தக் கடல் அதுக்கு விடாது. அதால செப்டெம்பர் அளவில தொடங்கி ஏப்ரலுக்குள்ள அவ்வளத்தையும் இறக்கிக் குவிச்சு வைக்க வேணும், வருசத்துக்கு 20 லட்சம் தொன்னுக்கு மேல, ஒவ்வொண்டும் 60,000 தொன் அளவில முப்பத்துச் சொச்சம் கப்பல். ரெண்டர் ஒரு மாசம் பிந்தினா அடுத்த வருசம் ஆடி ஆவணியில தெரியும். அண்டைக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது, டீசல்தான்.

நிலக்கரியின்ர ரெண்டாவது கதை சம்பூர். இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. 2006இல சண்டையில சம்பூர்ச் சனம் இடம்பெயர, அவையின்ர காணியை எடுத்து அதிஉயர் பாதுகாப்பு வலயம் எண்டவை, அதுக்குள்ள இந்தியாவின்ர அரச மின்சாரக் கொம்பனி என்.டி.பி.சியோட சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் எண்டவை. சனம் கிளிவெட்டி முகாமில வருசக்கணக்காக் கிடந்தது. 2015க்குப் பிறகுதான் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கினது. நிலக்கரி வேண்டாம் எண்டு வழக்குப் போட்டவை, 2016 செப்டெம்பரில அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில நாங்கள் அதைச் செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டுது. நல்ல விசயம் எண்டுதான் நான் அப்பவும் நினைச்சன், இப்பவும் நினைக்கிறன். ஆனா அதே நாள் அந்த 500 மெகாவாட்டுக்குப் பதிலா என்ன எண்டு ஆரும் சொல்லேல்லை. அடுத்த வருசம் மின்சார சபை தன்ர இருபது வருசத் திட்டத்தில நிலக்கரியைத் திரும்ப எழுத, மின்சாரத் துறையைக் கண்காணிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை வெட்டி எல்.என்.ஜி, அதாவது கப்பலில வாற திரவ இயற்கை வாயு, எண்டு மாத்த, பொறியியலாளர் சங்கம் அதுக்கு எதிரா நிக்க, ரெண்டு பகுதியும் மாறி மாறி அறிக்கை விட்டுக்கொண்டிருக்க, 2019 மார்ச்சில மழை குறைஞ்சு திரும்பக் கரண்ட் கட், திரும்ப அவசர கொள்வனவு. சம்பூரில 120 மெகாவாட் சோலர் எண்டு 2025 ஏப்ரலில மோடியும் அநுரவும் சேர்ந்து தொடக்கி வச்சவை. 2006இல காணி போனது, 2025இல அடிக்கல். இடையில அந்த மண்ணில இருந்து ஒரு யூனிட் கரண்டும் வரேல்லை, ஆனா அந்தச் சனத்தின்ர பத்து வருசம் போட்டுது.

இருபது வருசத் திட்டம் எண்டு சொன்னனே, அதை மின்சார சபை ரெண்டு வருசத்துக்கொருக்காப் புதுசா எழுதுறது. நான் சிலதை இறக்கி வாசிச்சிருக்கிறன். நல்லாத்தான் எழுதுவினம், அட்டவணை, வரைபடம், மழை குறைஞ்சா என்ன, எண்ணெய் விலை ஏறினா என்ன எண்டு எல்லாக் கணக்கும் இருக்கும். எழுதிறவையில குறை இல்லை. மேசையைத் தாண்டினாப் பிறகுதான் பிரச்சினை.

எல்.என்.ஜியைப் பற்றிக் கனக்க எழுத ஒண்டுமில்லை, ஏன் எண்டா கனக்க நடக்கேல்லை. கெரவலப்பிட்டியில 300 மெகாவாட் நிலையம் 2010இல வந்தது, எல்.என்.ஜிக்கு மாத்தலாம் எண்டு சொல்லித்தான் கட்டினது, உலை எண்ணெயில ஓடினது. 2021 செப்டெம்பரில அமெரிக்கக் கொம்பனி ஒண்டோட இரவோட இரவா ஒப்பந்தம், அமைச்சரவைக்குள்ளயே சண்டை, எதிர்த்த அமைச்சர்மார் பதவியை இழந்தவை, ஒப்பந்தமும் நடக்கேல்லை. பக்கத்தில 350 மெகாவாட்டில இன்னொண்டு கட்டி 2024இல ஓட்டத் தொடங்கினவை. அதுவும் எல்.என்.ஜிக்கு எண்டுதான் கட்டினது, வாயு இறக்கிற முனையம் இல்லாததால டீசலிலதான் ஓடத் தொடங்கினது. மன்னார்க் கடலுக்கு அடியில வாயு இருக்கு எண்டு 2011இல கெய்ர்ன் இந்தியா எண்ட எண்ணெய்க் கொம்பனி கண்டுபிடிச்சது, அவையும் 2015இல விட்டிட்டுப் போட்டினம், வாயு அங்கயேதான் கிடக்கு.

சரி, எண்ணெயைத்தான் நம்புறது எண்டா அதையாவது ஒழுங்காச் செய்திருக்கலாம். கொழும்புக்குப் பக்கத்தில சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல வந்தது. ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏத்த மாதிரி அமைச்சது, நாளுக்கு 50,000 பீப்பாய். நாட்டின்ர தேவைக்கு அது எப்பவோ காணாது. பெருப்பிக்கப்போறம் எண்டு எனக்கு நினைவு தெரிஞ்ச காலம் தொட்டு ஒவ்வொரு அமைச்சரும் சொல்லிக்கொண்டிருக்கினம். 2012இல ஈரானுக்குத் தடை வர வேற எண்ணெய் தேடி அலைஞ்சவை, பழைய ஈரான் கடன் 251 மில்லியன் டொலர் கட்ட வழியில்லாம, மாசம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலையா அனுப்புறம் எண்டு 2021 டிசம்பரில ஒப்பந்தம் போட்டவை. தேத்தண்ணி குடுத்து எண்ணெய்க் கடன் அடைச்ச நாடு உலகத்தில வேற இருக்கோ தெரியாது. அதுக்கு ஒரு மாசம் முதல், 2021 நவம்பரிலயே, மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாம சபுகஸ்கந்தவை மூடினவை. அந்த நிலையம் மூடினா பெற்றோல் மட்டும் நிக்கிறேல்லை. அதில வாற உலை எண்ணெயும் நப்தா எண்ட லேசான எண்ணெயும்தான் பக்கத்து மின் நிலையங்களுக்குப் போறது, அதுகும் நிண்டது. வரப்போற வருசத்தின்ர முன்னறிவித்தல் அதுதான், அப்ப நாங்கள் எல்லாரும் காஸ் சிலிண்டர் வெடிக்கிற கதையில நிண்டனாங்கள்.

திருகோணமலைத் தாங்கிகளைப் பற்றி ஆரும் கதைச்சா எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளைக்காரன் ரெண்டாம் உலகப்போருக்குக் கட்டின தாங்கிகள், 99 மிஞ்சிக் கிடக்கு, ஒவ்வொண்டும் 10,000 தொன்னுக்கு மேல கொள்ளும், சேத்துப் பாத்தா பத்து லட்சம் தொன். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோட மாத்திக்கொண்ட கடிதங்களிலயே அதின்ர பேர் இருக்கு. 2003இல இந்தியன் ஒயிலின்ர இலங்கைக் கொம்பனிக்குக் குத்தகை, கீழ்த் தொகுதியை மட்டும் பாவிச்சவை, மேல் தொகுதி காடு பத்திப்போச்சு. 2022 ஜனவரியில புது ஒப்பந்தம்: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கொம்பனிக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த புதுக் கொம்பனிக்கு. நாலு மாசத்தால நாட்டில ஒரு நாள் பெற்றோல். தாங்கி இல்லாததால வந்த பஞ்சம் இல்லை அது. இந்தியாவுக்கு விக்கினம் எண்டு ஒரு பகுதி, சீனாக்காரன் வந்திடுவான் எண்டு இன்னொரு பகுதி, முப்பத்தஞ்சு வருசம் அதைச் சுத்திச் சுத்திச் சண்டை பிடிச்சதில, எண்ணெய் விலை விழுந்து கிடந்த 2020 மாதிரி வருசங்களில வாங்கி நிரப்பி வைக்கலாம் எண்ட யோசனையே ஆருக்கும் வரேல்லை. இப்ப இந்தியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் எல்லாம் சேர்ந்து குழாய் போட்டு எரிசக்தி மையம் ஆக்கப்போகினமாம். அம்பாந்தோட்டையில சீனாவின்ர சைனோபெக் கொம்பனி 3.7 பில்லியன் டொலரில நாளுக்கு 200,000 பீப்பாய்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போகினமாம். வரட்டும் பாப்பம்.

டீசலின்ர விலை டொலரில மட்டும் இல்லை எண்டு எங்களுக்குச் சுன்னாகம் காட்டினது. சண்டைக் காலத்தில யாழ்ப்பாணம் தேசிய மின்வலையில இருந்து அறுந்து போனதால இஞ்ச கரண்ட் எண்டா சுன்னாகத்தில எண்ணெய் எரிச்சு எடுக்கிற கரண்ட்தான். அப்ப அது பெரிய நிம்மதி, மறுக்கேல்லை, இரவில பத்து மணி வரை லைட் எரிஞ்சதே பெரிய காரியம். 2014, 2015 அளவில சுத்துவட்டாரக் கிணறுகளில எண்ணெய். எங்கட மாமியின்ர வீடு அந்தப் பக்கம், வாளியை அள்ளினா மேல வானவில் மாதிரி மினுங்கும், மணம் வேற. யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல் நிலம், மேல ஊத்தினது கீழ போய் ஒரு கிணத்தில இருந்து மற்றக் கிணத்துக்குப் போகும். குடிக்கிறதும் குளிக்கிறதும் வெங்காயத்துக்கு இறைக்கிறதும் அதே தண்ணி. பவுசரில தண்ணி கொண்டுவந்து றோட்டோரத் தாங்கியில நிரப்ப, மாமி குடத்தோட வரிசையில நிண்டவ. எண்ணெய் இல்லை, ஈயம் இல்லை, இருக்கு, இல்லை எண்டு அறிக்கைக்கு மேல அறிக்கை. 2019இல உயர் நீதிமன்றம் அங்க இருந்த தனியார் மின் நிலையத்தைக் கிணத்துக்காரருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. எத்தினை கிணறு, எத்தினை குடும்பம் எண்டு பங்கு பிரிச்சுப் பாத்தா அது காசே இல்லை. ஆனா ஒரு மின்சாரத் திட்டம் பிந்தினதின்ர கணக்கில இந்தக் கிணத்துத் தண்ணியையும் எழுத வேணும் எண்டு முதல் முதலா ஒருத்தர் ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது.

2022 ஜூன் 27இல இருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அறிவிச்சவை. பெற்றோல் லீற்றர் 470 ரூபா. வரிசையில நிண்டு செத்தவையும் இருக்கினம். பேந்து வாகனத்துக்கு வாகனம் அளவு வச்சுக் குடுக்கிற கியூ.ஆர் கோட் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த முழுக் கூத்திலயும் ஒழுங்கா வேலை செய்த ஒரே விசயம் அந்தக் கியூ.ஆர்தான் எண்டு நான் சொல்லுவன். கணினிப் பெடியள் கொஞ்சப்பேர் சேர்ந்து சில கிழமையில செய்து குடுத்தது. வரிசை ஒரு மாசத்துக்குள்ள கரைஞ்சு போச்சு. இருக்கிறதை எப்பிடிப் பங்கிடுறது எண்டதை இவ்வளவு கெதியாச் செய்ய ஏலுமெண்டா, இல்லாமப் போகாமப் பாக்கிறதை ஏன் நாப்பது வருசமாச் செய்ய ஏலாமப் போச்சு?

மண்ணெண்ணெய்க்குக் கியூ.ஆர் உதவேல்லை. அந்த ஓகஸ்டில லீற்றர் 87 ரூபாவில இருந்து 340க்கு ஒரே இரவில ஏத்தினவை. கொழும்பில இருக்கிறவைக்கு அது பேப்பரில ஒரு வரி. இஞ்ச வெளியிணைப்பு எஞ்சின் பூட்டின படகெல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. குருநகரில ஒரு ஐயாவைக் கேட்டன், எப்பிடி ஐயா தொழில் எண்டு. "தம்பி, போய் வாற எண்ணெய்க் காசுக்கு மீன் பிடிச்சா அது தொழில், அதுக்குக் குறைய எண்டா அது சவாரி" எண்டார்.

இவ்வளவும் பட்டாப் பிறகு எல்லாரும் கூரையில சோலர் பூட்டத் தொடங்கினவை. 2022 ஓகஸ்டில கரண்ட் கட்டணம் 75 வீதம் ஏறினது, 2023 பெப்ரவரியில இன்னும் 66 வீதம், காசுள்ளவன் ஆர் பூட்டமாட்டான்? முதல்ல கூரை மின்சாரத்தை யூனிட் 22 ரூபாவுக்கு எடுத்தவை, 2022இல புதுசாப் பூட்டுறவைக்கு 37 எண்டவை, பேந்து 27க்குக் குறைச்சவை, பேந்து இன்னும் குறைச்சவை. 2025 தொடக்கத்தில கூரையில மட்டும் 1,000 மெகாவாட்டுக்கு மேல. நல்ல செய்திதானே எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல் முழு நாட்டிலயும் கரண்ட் போச்சு.

பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு பாய்ஞ்சது எண்டு அமைச்சர் சொன்னவர். அவ்வளவுதான், அண்டையில் இருந்து ஒரு கிழமைக்குப் பேஸ்புக் முழுக்கக் குரங்கு. ஆனா அந்தக் குரங்கைச் சிரிச்சுப்போட்டு விடக்கூடாது. ஞாயிறு மத்தியானம், தொழிற்சாலை கந்தோர் பூட்டு, தேவை குறைவு. வெயில் உச்சம், கூரையெல்லாம் கரண்டைத் தள்ளுது. அதுக்கு இடம் விட பெரிய மின் நிலையங்களைக் குறைச்சு ஓட்டுறது. பெரிய மின் நிலையம் எண்டா தொன் கணக்கில இரும்பு சுத்திக்கொண்டிருக்கும், எங்கயோ ஒரு இடத்தில அடி விழுந்தாலும் அந்தச் சுத்து ஒரு சில செக்கன் தாக்குப் பிடிக்கும், அந்தச் செக்கனுக்குள்ள மற்ற மெசின்கள் சமாளிக்கும். சோலரில சுத்துறதுக்கு ஒண்டும் இல்லை. அடி விழ, கரண்டின்ர அதிர்வெண் குழம்ப, சோலர் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற கூரை இன்வேட்டர்களும் தங்களைக் காப்பாத்தத் தாங்களா நிண்டிடும், ஒண்டைப் பாத்து ஒண்டு விழும். நுரைச்சோலையில மூண்டும் நிண்டது, நிலக்கரிக் கொதிகலனைத் திரும்பக் கொண்டுவர நாள்கணக்கு எடுக்கும், அடுத்த கிழமை ஒவ்வொரு இடமா ஒண்டரை மணித்தியாலம் வெட்டினவை. குரங்கு இல்லாட்டி காகம், காகம் இல்லாட்டி மின்னல். அந்த நிலைமைக்கு மின்வலையை விட்டதுதான் விசயம்.

ரெண்டு மாசத்தால சித்திரை வருசப்பிறப்பு லீவுக்கு மின்சார சபை இன்னொரு அறிவித்தல் விட்டது: கூரைச் சோலர் வச்சிருக்கிறவை ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரைக்கும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூண்டு மணி வரை நிப்பாட்டி வையுங்கோ, தேவை குறைவு, மின்வலை தாங்காது. மூண்டு வருசத்துக்கு முதல் எண்ணெய் இல்லாம 13 மணித்தியாலம் இருட்டில கிடந்த நாடு, சும்மா வாற கரண்டை நிப்பாட்டச் சொல்லுது. அதே நாள் இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலயும் லைட் ஃபான் டிவி போட, தேவை ஏறும், அப்ப வெயில் இல்லை, திரும்ப எண்ணெய் எஞ்சினுக்குத்தான் போக வேணும். பகலில மிஞ்சுறதை இரவுக்கு வச்சிருக்கப் பற்றரி வேணும், இல்லாட்டி மேல நீர்த்தேக்கத்துக்குத் தண்ணி ஏத்தி வச்சு இரவில விடுற நிலையம் வேணும். அரநாயக்கவில மகா ஓயாவில 600 மெகாவாட்டில அப்பிடி ஒண்டு எண்டு திட்டத்தில கன வருசமா இருக்கு. பற்றரிக்கு 2025இலதான் 160 மெகாவாட்டுக்கு ரெண்டர் போனது. 2030இல 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டு சொல்லேக்கையே பற்றரியையும் சேர்த்து வாங்க ஆரம்பிச்சிருக்க வேணும், கூரையில பூட்டச் சொன்னவைக்கும் வலையைப் பாத்தவைக்கும் இடையில ஒரு மேசை இருந்தமாதிரித் தெரியேல்லை.

காத்துக்கு மன்னார். தம்பபவனி எண்டு 30 காத்தாடி, 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில திறந்தது, நல்லா ஓடுது. சோளகத்தில அங்க நிண்டா ஆளைத் தள்ளும், நாட்டிலயே நல்ல காத்து எண்டா அதுதான். ஆனா மன்னார்ச் சனம் 2025இல மாசக்கணக்காப் போராடினது, புதுக் காத்தாடி வேண்டாம் எண்டு. மழைவெள்ளம் வடிஞ்சு போற வழியை றோட்டும் அத்திவாரமும் மறிக்குது, வலசை வாற பறவை, கரைவலைக்காரருக்கு இடைஞ்சல், கனியமண் அகழ்வுப் பயம் வேற. ஜனாதிபதி ஒரு மாசம் நிப்பாட்டினவர், பேந்து பொலிஸ் பாதுகாப்போட காத்தாடித் துண்டுகளை ஏத்தின லொறிகள் உள்ள போனது. பசுமை மின்சாரம் எண்டா எதிர்க்கக்கூடாது எண்டு கொழும்பில சிலபேர் எழுதினதை வாசிக்க எனக்குச் சம்பூர் ஞாபகம் வந்தது. இடத்தை முதல்ல தீர்மானிச்சுப்போட்டுச் சனத்திட்டக் கடைசியாக் கேக்கிற பழக்கம் நிலக்கரிக்கும் காத்துக்கும் ஒண்டுதான். நாலு வருசம் வழக்கில இழுபடுறதுக்கு ஒரு வருசம் இருந்து கதைச்சா மலிவு, ஆனா அந்த ஒரு வருசத்தை ஒரு அமைச்சரும் தன்ர காலத்தில செலவழிக்க விரும்பிறேல்லை.

பேந்து இந்தியாவின்ர அதானிக் கொம்பனியின்ர காத்தாடித் திட்டம், 484 மெகாவாட், மன்னாரும் பூநகரியும். 2024 மேயில அமைச்சரவை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம் எண்டு 20 வருசத்துக்கு ஒப்புக்கொண்டது. கேள்விப்பத்திரம் இல்லாமக் குடுத்தது, விலை கூட எண்டு கனபேர் சொன்னவை, நானும் சொன்னன். புது அரசாங்கம் விலையை மீள்பரிசீலனை செய்யப்போறம் எண்டது, 2025 பெப்ரவரியில அதானி விலகிறம் எண்டு கடிதம் குடுத்தது. அதே மன்னாரில 50 மெகாவாட்டுக்குக் கேள்வி கோரினதில 5 சதத்துக்குக் கீழ விலை வந்தது, அதால அரசாங்கம் செய்தது சரி எண்டுதான் தெரியுது.

ஆனா 484 மெகாவாட் போட்டுது. நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. ஒரு மின் நிலையத்தை ரத்துச் செய்யிற, ஒத்திவைக்கிற, மீள்பரிசீலனை செய்யிற அமைச்சரவைப் பத்திரத்தோட இன்னொரு பக்கத்தையும் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கோ: இதுக்குப் பதிலா எது, எந்த வருசம், அது வரும்வரைக்கும் இரவு ஏழு மணிக்கு எத்தினை தொன் எண்ணெய், எத்தினை டொலர். மின்சார சபையில அந்தக் கணக்குப் போடத் தெரிஞ்ச ஆக்கள் தாராளமா இருக்கினம், ரெண்டு வருசத்துக்கொருக்கா இருபது வருசத்துக்குப் போடுறவை அவைதானே. சம்பூருக்கு 2016இல அந்தப் பக்கம் இருக்கேல்லை. மன்னார் பூநகரிக்கு 2025இல ஆரும் அதைச் சனத்துக்குக் காட்டினதா நான் காணேல்லை.